எந்தத் தெருவையும் சாராதவர்

14-3-1962, புதன்கிழமை.

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சங்குக் காவலருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன். இருமுறை சரிபார்த்து நல்ல தாளில் பிரதியும் எடுத்தேன். 'மாலை வேளையில் வேறு அலுவல் இல்லாதவராக இருக்க வேண்டும்' என்ற ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

அழகிரி இதை எழுதி முடித்தபின், 'சிறு' என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தான். தவறின் அளவு இன்னும் சரியாகத் தெரியாததால் அப்படியே விட்டான்.

அவன் கொடிக்கால்பட்டிப் பஞ்சாயத்தின் தற்காலிகக் குமாஸ்தா. அந்தத் தற்காலிகம் மூன்றாவது வருஷமாக நீடித்துக்கொண்டிருந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, சைக்கிளை மிதித்தால் அரைமணியில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர். பகலெல்லாம் ஆபீஸில் பிறப்பு, இறப்பு, வீட்டுவரி எழுதுவான். பொழுது சாய்ந்ததும் ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் தேசிகாச்சாரியார் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்விடுவான். அங்கே ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும் ஜன்னலோரத்து மெஷின் அவனுடையது. ஏப்ரலில் பரீட்சை. தேறினால் பொன்மலை ரயில்வே ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்கு மனுப் போடலாம். தேறாவிட்டால் கொடிக்கால்பட்டியில் தற்காலிகமாகவே கிழவனாகலாம்.

இந்த வகுப்பு விஷயம் ஊரில் அவன் அம்மா மாரியாயியைத் தவிர யாருக்கும் தெரியாது. தேறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான். தேறாவிட்டால் சொல்ல வேண்டியதே இல்லை என்பதும் அதில் ஒரு சௌகரியம்.

சங்கு விவகாரம் தொடங்கியது இப்படி. முந்தின கோடையில் கீழத்தெரு நல்லதம்பியின் வைக்கோல் போர் எரிந்தது. மேலத்தெருக்காரர்கள் குடங்களோடு வந்து சேர்ந்தபோது சாம்பல் ஆறிக்கொண்டிருந்தது. "தகவல் தெரியலைங்க" என்றார்கள். மார்கழிக் கடைசியில், மேலத்தெரு ராசப்பன் பொங்கலுக்கென்று விட்டுவைத்திருந்த வாழைத்தார்களை யாரோ வண்டி கட்டிக்கொண்டு வந்து வெட்டிப் போனார்கள். வண்டித் தடம் கீழத்தெரு வழியாகத்தான் போயிருந்தது. "எங்களுக்குச் சத்தமே கேக்கலைங்க" என்றார்கள் கீழத்தெருக்காரர்கள். இரண்டு தெருவுக்கும் இப்படிச் சமமாகக் காது மந்தமாகிவிட்ட சமயத்தில் பஞ்சாயத்து யூனியனிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. தீ, திருட்டு இரண்டுக்கும் ஊரை எழுப்ப மின்சார சைரன் வைத்துக்கொள்ளும் பஞ்சாயத்துகளுக்குச் சர்க்கார் பாதிச் செலவைத் தரும். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஊதுவதைச் சங்கு என்றே சொல்லிப் பழகிய ஊர். அதனால் இங்கேயும் அது சங்கு ஆயிற்று.

முதல் கூட்டம் முழுவதும் சங்கின் வாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதிலேயே போயிற்று. தலைவர் ராசப்பன் மேற்கு என்றார். உபதலைவர் நல்லதம்பி கிழக்கு என்றார்.

"எரிஞ்சது எங்க தெரு. வாய் எங்களைப் பாத்துத்தான் இருக்கணும்" என்றார் நல்லதம்பி.

மளிகைக்கடை நிஜாமுதீனும் ஓர் உறுப்பினர். அவர் கேட்டார்: "எரியிற தெருவுக்கு எதுக்குங்க சங்கு? அதான் கண்ணு முன்னால எரியுதே. அணைக்க வர்ற தெருவுக்கில்ல கேக்கணும்?"

நல்லதம்பி இதை உடனே பிடித்துக்கொண்டார். "சரியாச் சொன்னீங்க பாய். அப்ப மேற்க பாத்தே இருக்கட்டும். அவங்களுக்குத்தான் காது மந்தம்."

"யாருக்குய்யா மந்தம்?" என்று ராசப்பன் எழுந்துவிட்டார். "கிழக்க திருப்புங்கய்யா வாயை!"

அன்று முழுவதும் கிழக்கு வேண்டுமென்று ராசப்பனும் மேற்கு வேண்டுமென்று நல்லதம்பியும் வாதாடினார்கள். பெண் உறுப்பினர் ராக்கம்மாள், வாழைநார் கிழிக்கிற கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில், "வானத்தைப் பாத்து வச்சிடுங்க. மழையாச்சும் வரும்" என்றாள். அவள் கேலியாகச் சொன்னதுதான் 'சங்கின் வாய் மேல்நோக்கி இருத்தல் வேண்டும்' என்று ஏகமனதான தீர்மானமாயிற்று.

காலனி உறுப்பினர் மூக்கன் கையை உயர்த்தினார். "எங்க பக்கம் கேக்குங்களா?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சாக் கேக்கும் மூக்கா" என்றார் தலைவர்.

'காலனிக்கும் பயன்படும்' என்று அழகிரி எழுதிக்கொண்டான். எழுதிய பிறகு, அது சரிதானா என்று சந்தேகம் வந்தது. சந்தேகத்தை எழுத நடவடிக்கைப் புத்தகத்தில் இடம் கிடையாது.

அடுத்த கூட்டத்தில் ஆபீஸின் பக்கத்து அறையைச் சங்கு அறையாக ஒதுக்கினார்கள். வெள்ளையடித்தார்கள். பல்பு போட்டார்கள். பெரிய கடைவீதிக்கு ஆள் அனுப்பிக் கனமான பூட்டு ஒன்றும் வாங்கினார்கள். சங்கு வரும் வரைக்கும், ஆபீஸ் வாசல் வேம்பில் தொங்கும் தண்டவாளத் துண்டையே அபாயத்துக்கு அடிப்பது என்று முடிவாயிற்று. கண்டவர்கள் அடித்துவிடக் கூடாதே என்று அதன் சுத்தியலை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அதுவரை எந்தக் கல்லாலும் யாரும் அடிக்கக்கூடியதாக இருந்த துண்டு அது. இனிமேல் கல்லால் அடிப்பதும் குற்றம் என்று தண்டோரா போட்டாயிற்று.

பூட்டு வந்ததும் சாவி யாரிடம் என்ற கேள்வி வந்தது. மேலத்தெருக்காரர் கையில் இருந்தால் கீழத்தெருவில் கூரை பாதி எரிந்த பிறகுதான் அடிப்பார் என்றார் நல்லதம்பி. கீழத்தெருக்காரர் கையில் இருந்தால் திருடனுக்கு முதலில் தகவல் போய்விடும் என்றார் ராசப்பன். கடைசியில் தலைவர் அழகிரியைப் பார்த்தார்.

"தம்பி, சாவி வச்சிருக்கிறவன் எப்படி இருக்கணும்னு நீயே யோசிச்சு எழுதிட்டு வா. படிச்ச பையன், பொதுவா எழுதுவே."

அழகிரி பொதுவாகத்தான் எழுதினான். அதுதான் வினை.

புதன்கிழமைக் கூட்டத்தில் அவன் தாளைப் படித்தான். காவலர் கடிகாரம் பார்க்கத் தெரிந்தவராக, எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

"நம்ம ஆளுங்க போயாச்சு" என்றார் மூக்கன்.

மது அருந்தாதவராக இருக்க வேண்டும்.

"நாட்டுல மதுவிலக்கு இருக்கேப்பா, அதை எதுக்கு எழுதுறே?" என்றார் நல்லதம்பி. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சொந்த வியாபாரம் இல்லாதவராக இருக்க வேண்டும். நிஜாமுதீன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். "அல்லா காப்பாத்தினான். நான் தெக்குத் தெரு, என் தலையில கட்டிருவீங்கன்னு இருந்தேன்."

ஆபீஸுக்குப் பக்கத்தில் குடியிருப்பவராக, மேலத்தெரு, கீழத்தெரு எதையும் சாராதவராக, இரண்டு தெருவிலும் கொண்டான் கொடுத்தான் உறவு இல்லாதவராக இருக்க வேண்டும்.

அதோடு தாள் முடிந்தது. எல்லாரும் மனசுக்குள் ஊரை வீடு வீடாகச் சுற்றி வந்தார்கள். ராக்கம்மாள்தான் முதலில் சிரித்தாள்.

"எழுதினவனையே உரிச்சு வச்சிருக்கே!"

அப்போதுதான் அழகிரிக்கு விளங்கியது. அவன் அப்பா மழையில்லாத ஒரு வருஷத்தில் வையம்பட்டியிலிருந்து வாழைத்தோட்ட வேலைக்கு வந்தவர். இங்கேயே குடிசை போட்டு, இங்கேயே செத்தும் போனார். இன்றைக்கும் அது 'வையம்பட்டியான் வீடு'தான். கோயில் திருவிழாவில் இரண்டு தெருவும் வரி வாங்கும்போது அவன் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். வரி கொடுத்தால் பங்காளி ஆகிவிடுவானே. ஊரில் எந்தக் காரியத்துக்கும் அவனைச் சேர்க்காமல் இருந்த காரணம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதையே அவன் தன் கையால், அழகான எழுத்தில், தகுதியாக எழுதிக் கொடுத்துவிட்டான்.

தலைவர் முகம் மலர்ந்தது. உபதலைவர் முகமும் மலர்ந்தது. இருவர் முகமும் ஒரே சமயத்தில் மலர்ந்ததை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை. தினமும் விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து ஊர் அடங்கும் வரை அழகிரி சங்கு அறை வாசலில் உட்கார்ந்திருக்க வேண்டியது என்று தீர்மானம் நிறைவேறியது. அவன் வாய் திறந்தான். ஆனால் என்னவென்று சொல்வது? வகுப்பு என்றால் எதற்கு என்பார்கள். எதற்கு என்று சொன்னால் பொன்மலை வரும். பொன்மலை வந்தால் தற்காலிக வேலையும் போகும். தீர்மானத்தை அவனே எழுதி, கீழே கையெழுத்தும் வாங்கினான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரீரங்கத்துக்குச் சைக்கிளை மிதித்தான். தேசிகாச்சாரியார் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தார். விரலெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் திருமண் பளிச்சென்று இருந்தது.

"சார், எனக்குக் காலையில ஒரு மணி நேரம் கிடைக்குங்களா?"

"காலம்பற எல்லா மெஷினும் காலேஜ் பசங்களுக்குப் போயாச்சே. சாயங்காலத்துக்கு என்ன வந்தது?"

அழகிரி சங்கு விஷயத்தைச் சொன்னான். அவர் கவனமாகக் கேட்டார்.

"சங்கு வந்துடுத்தோ?"

"இல்லைங்க. பூட்டு வந்திருக்கு."

"பூட்டுக்கு ஒரு காவலா?" அவர் ரிப்பனைக் கீழே வைத்தார். "இதோ பாரும். உம்ம விரல் இப்பத்தான் சித்த பழகி வரது. ஒரு வாரம் விட்டா அத்தனையும் வீண். அந்த மெஷினுக்கு ஒரு பொண்ணு ரெண்டு மாசமாக் காத்துண்டிருக்கா. திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். அன்னிக்கும் நீர் வரலேன்னா அவளுக்குக் கொடுத்துடுவேன். பெருமாள் புறப்பாடே நம்ம ஊர்ல யாருக்காகவும் நிக்கறதில்லை. டைப்ரைட்டர் நிக்குமோ?"

அன்று மாலை அழகிரி சங்கு அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். இடுப்பில் சாவி. உள்ளே ஒரு சுத்தியல். மடியில் ஒரு பலகையைப் போட்டு, அதில் விரல்களை வைத்து டைப் அடிப்பதுபோலப் பழகிப் பார்த்தான். தெருவில் போனவர்கள் அவன் எதையோ எண்ணுவதாக நினைத்து, தொந்தரவு செய்யாமல் ஒதுங்கிப் போனார்கள். மரியாதை கூடியிருந்தது. அதற்கு முன் அவனைக் கண்டால் ஒதுங்காதவர்கள் எல்லாம் ஒதுங்கினார்கள்.

மரியாதை எவ்வளவு கூடியிருக்கிறது என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது.

காலையில் ராசப்பன் அவன் வீட்டுக்கு வந்தார். வந்தவர் வாசலோடு நிற்கவில்லை. உள்ளே வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, மாரியாயியிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அவர் தோட்டத்தில் பத்து வருஷம் கூலிக்குப் போனவள் மாரியாயி. அவர் வாய் வைத்த சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கக்கா மவ ஒருத்தி இருக்கா. நம்ம அழகிரிக்குப் பொருத்தமா இருக்கும்" என்றார் ராசப்பன். "இனம் ஒண்ணுதானே? வையம்பட்டியா இருந்தா என்ன, எந்தப்பட்டியா இருந்தா என்ன?"

அழகிரி மெதுவாகச் சொன்னான்: "அப்படி உறவாயிட்டா ஷரத்துப்படி சாவி என்கிட்ட இருக்க முடியாதுங்களே."

"அட மாப்பிள்ளை! ஷரத்து நீ எழுதினதுதானே? ஆவணியிலதான் கல்யாணம். அதுக்குள்ள அந்த வரியைப் பதமா எடுத்துடலாம். அவசரம் இல்லை. சாவி மட்டும் பத்திரம்."

மதியம் நல்லதம்பி வந்தார். அவர் கட்டிலில் உட்கார்ந்தது மட்டுமல்ல, வெற்றிலையும் போட்டுக்கொண்டார். மாரியாயியை 'தங்கச்சி' என்றார். அவருடைய மச்சினர் மகள் ஒருத்தி. அவர் அழகிரியைவிடவும் கவனமாக ஷரத்தைப் படித்திருந்தார்.

"கொண்டான் கொடுத்தான்னுதானப்பா எழுதியிருக்கே? நிச்சயம் பண்ணி வச்சிக்கிட்டா அது இன்னும் கொடுத்ததாகாது. சங்கு நல்லபடியா வந்து, நம்ம தெருவுக்கு ஒரு பாதுகாப்பு ஆன பொறவு கொடுத்துக்கலாம்."

அவர் போன பிறகு மாரியாயி, இருவரும் வைத்துவிட்டுப் போன இரண்டு பாக்குப் பொட்டலத்தையும் முறத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இருவது வருசமா ஒரு கல்யாணத்துக்குப் பாக்கு வைக்காத வீடுங்கடா இது ரெண்டும். நீ என்னத்தைடா எழுதிக் கொடுத்தே?"

"தகுதி எழுதினேம்மா."

"இப்படி ஒண்ணு எழுதத் தெரியும்னா முன்னாடியே எழுதியிருக்கக் கூடாதா?"

அழகிரி அன்றைக்குக் குறிப்பில் இரு பத்தி போட்டு, அனுகூலம், பிரதிகூலம் என்று எழுதிப் பார்த்தான். ஏதாவது ஒரு சம்பந்தத்துக்குச் சரி என்றால், அந்த நிமிஷமே தகுதி போய்விடும். சாவியைக் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குப் போய்விடலாம். சாவி போனதும் சம்பந்தமும் தானாகக் கழன்றுவிடும். கணக்கு சுத்தமாக இருந்தது. இவ்வளவு சுத்தமாக வந்ததால்தான் சந்தேகம் வந்தது.

அம்மாவும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். "சரின்னு சொல்லிப்புட்டுச் சாவியைக் கொடுத்துடு. பொறவு அவுங்களே வேணாம்னு போயிடுவாங்க. நீயாச்சு, உன் பரீச்சையாச்சு."

"அந்தப் பொண்ணும்மா?"

"எந்தப் பொண்ணு?"

"அதான். எந்தப் பொண்ணுன்னே யாரும் சொல்லலை. பேரு கேக்க நானும் மறந்துட்டேன். நிச்சயம் பேசி நின்னுபோச்சுன்னா ஊர்ல அதை என்ன சொல்லுவாங்க?"

மாரியாயி முறத்தைக் கீழே வைத்தாள். "நல்லா சொல்லுவாங்க" என்றாள். பிறகு பாக்குப் பொட்டலங்களை அவிழ்க்காமல் உறியில் தூக்கி வைத்துவிட்டாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

'அனுகூலம்' பத்தியை அழகிரி அடித்தான். மிச்சமிருந்தது ஒரே வழி. எல்லாவற்றையும் சபையில் சொல்லிவிடுவது. அது நல்ல வழியா என்று அவனுக்குத் தெரியவில்லை. மற்ற வழிகள் நன்றாக இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம். அழகிரி எழுதி வைத்திருந்ததை நின்றுகொண்டு படித்தான்.

"உறவு பற்றிய ஷரத்தின்படி எனக்குத் தகுதிக் குறைவு ஏற்படக்கூடும் என்று தெரிவித்துக்கொள்கிறேன். மேலத்தெருவிலிருந்து ஒன்றும் கீழத்தெருவிலிருந்து ஒன்றுமாக எனக்கு இரண்டு இடத்தில் பெண் தருவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது."

யார் சொன்னது என்று அவன் படிக்கவில்லை. படிக்க வேண்டியிருக்கவில்லை. ராசப்பனும் நல்லதம்பியும் ஒருவரையொருவர் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

"சாவிக்குப் பொண்ணு குடுக்கிறியா? வெக்கமா இல்ல?" என்றார் ராசப்பன்.

"நீ மட்டும் எதுக்குய்யா குடுக்க வந்தே? அவன் எழுத்து அழகா இருக்குன்னா?"

"நான் முன்னாடி வந்தேன்!"

"முன்னாடி வந்தவன்தான்யா முதக் குத்தவாளி!"

நிஜாமுதீன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மூக்கன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்தபோது, இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்திருந்தது. தனக்குக் கிடைக்காதது மற்றவனுக்கும் கிடைக்கக் கூடாது. 'சாவி வைத்திருக்கும் வரை காவலர் திருமணம் செய்துகொள்ளலாகாது' என்று ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொன்னார் தலைவர். வழிமொழிந்தார் உபதலைவர்.

"எது வரைக்குங்க?" என்றான் அழகிரி.

"ஊர் ஒத்துமையா ஆகிற வரைக்கும்."

"பாவம், பையன் சன்னியாசிதான்" என்றார் நிஜாமுதீன்.

பேனா அவன் கையில் இருந்தது. ஆனால் எழுத வரவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. அழகிரி மறுபடி எழுந்து நின்றான். இந்த முறை கையில் தாள் இல்லை.

"எனக்குச் சாயங்காலம் கிளாஸ் இருக்குங்க. ஸ்ரீரங்கத்துல டைப்ரைட்டிங். அடுத்த மாசம் பரீட்சை. நாளைக்குப் போகலைன்னா இடம் போயிடும். என்னால சாவி வச்சிக்க முடியாதுங்க."

"டைப்ரைட்டிங்கா? நம்ம ஆபீஸ்ல மெஷின் ஏது?" என்றார் ராசப்பன். பிறகு அவருக்குப் புரிந்தது. "ஓ. வெளியில வேலை பாக்கிற? இங்க சம்பளம் வாங்கிக்கிட்டே?"

"ஆமாங்க."

இவ்வளவு சுருக்கமான பதிலை அவன் எழுத்தில்கூடத் தந்ததில்லை. உட்காரலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றான். வேலை போனதாகவே நினைத்துக்கொண்டான்.

ராக்கம்மாள் எழுந்து வந்து அவன் முன்னால் கையை நீட்டினாள்.

"குடு சாவியை."

"உனக்கு எதுக்கு?" என்றார்கள் ராசப்பனும் நல்லதம்பியும்.

"நான் பொறந்தது கீழத்தெரு. வாக்கப்பட்டது மேலத்தெரு. எந்தப் பக்கம் தீப்பிடிச்சாலும் எனக்குத்தான் வயிறு எரியும். ரெண்டுலயும் சொந்தமில்லாதவனைத் தேடிப் புடிச்சீங்களே, அவனுக்கு எந்தத் தெரு எரிஞ்சா என்ன?"

"ஷரத்துல எதையும் சாராதவர்னு போட்டிருக்கே. நீ ரெண்டையும் சார்ந்தவ" என்றார் நிஜாமுதீன்.

"மணி பாக்கவும் தெரியாதே உனக்கு" என்றார் மூக்கன்.

"தீ என்ன மணி பாத்தா வருது?"

ராசப்பன் யோசித்தார். அழகிரிக்கு அவர் முகத்தில் ஓடிய கணக்கு நன்றாகத் தெரிந்தது. வாழ்க்கைப்பட்டு மேலத்தெருவில்தானே இருக்கிறாள், நம்ம பக்கம்தான். நல்லதம்பியும் யோசித்தார். பிறந்த வீட்டுப் பாசம் எங்கே போகும், நம்ம பக்கம்தான். இருவரும் மற்றவர் ஏமாந்ததாக நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்கள். தலையாட்டலும் ஒரே சமயத்தில் வந்தது.

"ஆனா ஷரத்தை மாத்த முடியாது. தீர்மானம் யூனியனுக்குப் போயாச்சு" என்றார் ராசப்பன். "ரிஜிஸ்டர்ல காவலன் அழகிரியே இருக்கட்டும். சாவி மட்டும் அவகிட்ட. ஏதாவது ஆச்சுன்னா, தம்பி, உன்னைத்தான் கேப்போம்."

"வேலைங்க?" என்றான் அழகிரி.

"உன்னை அனுப்பிட்டா ரிஜிஸ்டர்ல யார் பேரை எழுதுறது? ஊர்ல வேற யார் இருக்கா எதையும் சாராதவன்?"

"கல்யாண ஷரத்துங்க?"

"அதுவும் இருக்கட்டும். பேப்பர்லதானே."

கூட்டம் கலையும்போது நிஜாமுதீன், "சரி தம்பி, சங்கு எப்ப வருது?" என்று கேட்டார். வாய் மேலே பார்த்த சங்கு யாரிடம் கிடைக்கும் என்று இன்னும் எழுதியே கேட்கவில்லை என்றான் அழகிரி. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ராக்கம்மாள் சங்கு அறையைத் திறந்து பல்பைப் போட்டாள். பின்னாலேயே இரண்டு பெண்கள் தலையில் வாழைநார்க் கட்டுகளோடு வந்தார்கள். ஸ்ரீரங்கத்துப் பூக்கடைகளுக்குப் போகிற நார். சருகுபோலக் காய்ந்திருந்தது. சுவரோரமாக இடுப்பளவு அடுக்கினார்கள். ராக்கம்மாள் பல்புக்கு நேர் கீழே காலை நீட்டி உட்கார்ந்து கிழிக்கத் தொடங்கினாள்.

"சிம்னி வெளிச்சத்துல கிழிச்சுக் கிழிச்சுக் கண்ணு பூத்துப்போச்சு தம்பி. இந்த பல்பு போட்டன்னைக்கே இந்த ரூமு மேல எனக்கு ஒரு கண்ணு. கரண்டு போனா இருக்கட்டும்னு சிம்னியும் கொண்டாந்துட்டேன்."

அழகிரி நார்க்கட்டைப் பார்த்தான், அதன் பக்கத்தில் இருந்த சிம்னியைப் பார்த்தான். இரண்டு தெருவையும் பற்றிச் சபையில் அவள் பேசியதை நினைத்தான். அதுவும் பொய்யில்லை என்றுதான் பட்டது.

"அக்கா, இது தீப்பிடிக்குமே."

"பிடிச்சா என்ன? சுத்தியல் கைக்கிட்டதான இருக்கு!"

உடன் வந்த பெண்கள் சிரித்தார்கள். அழகிரி சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். ரிஜிஸ்டரில் தன் பெயர் இருப்பது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்க் குறிப்பை எடுத்தான்.

18-3-1962, ஞாயிற்றுக்கிழமை.

வகுப்பு விஷயத்தைச் சபையில் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை. சாவி என்னிடம் இல்லை. பொறுப்பு என்னிடம் இருக்கிறது. இது சரியான ஏற்பாடுதானா என்று தெரியவில்லை.

நாளை: காலையில் ஆற்று மணல் எடுத்து, இரண்டு வாளி நிரப்பிச் சங்கு அறையில் நார்க்கட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். மாலை ஆறரைக்கு வகுப்பு.